கடைசி ஊரின் வாசலில் வைத்தியச்சி

எவ்வளவு அழகாக மறைத்து வைத்திருக்கிறான்.

மேசையில் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்தபடி அவள் இதை இரண்டாம் முறையாக மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

எதிரே, அட்டைத் தடுப்புக்குப் பின்னால், அவள் தம்பி முகத்தில் ஒன்றும் காட்டாமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

எட்டு மாதமாக ஞாயிறு காலைகளில், கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடும் இந்தக் கற்பனை ராஜ்ஜியத்தை நடத்துகிறவன் அவன்தான். அரசன், சத்திரக்காரன், கழுதை எல்லாருக்கும் அவனே குரல். ஆடுகிறவர்கள் மூன்று பேர். பல் டாக்டர் வாள்வீரர். ஆடிட்டர் அக்கா திருடி. அவள் வைத்தியச்சி.

"வார்டுலயும் நர்ஸு, இங்கயும் வைத்தியமா? ரெண்டு பேரை வெட்டிப் பாரும்மா, மனசு லேசாகும்" என்று பல் டாக்டர் முதல் நாளே சொல்லிப் பார்த்தார்.

ராஜ்ஜியத்தில் கொள்ளைநோய்.

வேறு யாராவது நடத்தியிருந்தால் கிணற்றில் விஷம் கலந்த ஒரு மந்திரவாதி இருந்திருப்பான். அவனைக் கொன்றால் மருந்து கிடைத்திருக்கும். அப்படி நம்பித்தான் இவர்களும் கிணறு கிணறாகத் தேடினார்கள். ஓர் அப்பாவிக் கம்பளி வியாபாரியைக் கட்டிவைத்து உதைத்துக்கூடப் பார்த்தாயிற்று.

தம்பி பிணங்களை எண்ணவே இல்லை. ரொட்டிக்கடை பகலிலேயே அடைத்திருக்கிறது என்பான். இன்றைக்குக் கோயில் மணி அடித்த புது ஆளுக்குத் தாளம் தெரியவில்லை என்பான். அவ்வளவுதான். வார்டிலும் நோய் அப்படித்தான் வரும். இவனுக்கு யார் சொன்னார்கள் என்று அவள் வியந்திருக்கிறாள்.

வரைபடத்தில் நோய் விழுந்த ஊர்கள் மேல் எல்லாம் ஆடிட்டர் அக்கா ஒரு சிவப்புப் பட்டன் வைத்திருந்தார். இன்று ஐந்தாவது பட்டனை வைத்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

பட்டன்கள் போன வழி, இவர்கள் நடந்து வந்த வழி.

ஒவ்வோர் ஊரும், இவர்கள் புறப்பட்ட மூன்றாம் நாள் விழுந்திருந்தது. ஐந்தாவது ஊருக்கு மற்ற இருவரும் போகவே இல்லை. கணவாயில் காவல் இருந்தார்கள். அவள் மட்டும்தான் போனாள். வீடு வீடாக நெற்றியில் கை வைத்தாள்.

தம்பி ஓரிடத்தில்கூடப் பொய் சொல்லவில்லை. நீ தொட்டதும் வலி குறைந்தது என்றான். குறைந்தது. வைத்தியச்சிக்கு ஒரு தும்மலும் இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதுவும் உண்மை.

அவள் பின்னோக்கிப் போய்த் தேடினாள். முதல் ஊர், இரண்டாவது, மூன்றாவது. முன்பே தெரிந்திருக்க ஒரு வழி, ஒரு ஜாடை?

இல்லை. ஐந்தாவது பட்டனுக்கு முன்னால் எவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதை அவ்வளவு கவனமாக, இழை இழையாகப் பின்னியிருந்தான்.

முகத்துக்கு நேராக எதையும் சொல்லத் தெரியாதவன் அவன்.

மிச்சமிருப்பது ஓர் ஊர். அதுவும் போனால் ராஜ்ஜியம் முடிந்தது. மூவரும் இப்போது அதன் வாசலில் நிற்கிறார்கள். உள்ளே ஒருவருக்கு வெறும் சளிக்காய்ச்சல்தான், ஊர்தான் பயந்து கிடக்கிறது என்று செய்தி.

"போ, போய்க் கையை வை" என்றார் பல் டாக்டர். இருபது முகப் பகடையை அவள் பக்கம் தள்ளினார். "உருட்டு, பதினைஞ்சுக்கு மேல விழுந்தா ஊரு பொழைச்சுது."

தம்பி பென்சிலைக் கீழே வைத்தான். வாசலுக்கு ஒரு பெண் வருகிறாள் என்றான். வழக்கமாகப் பெண் குரலென்றால் மூக்கால் பேசிச் சிரிக்க வைப்பான். இந்த முறை குரலை மாற்றவில்லை.

"ஏம்மா அங்கயே நிக்கிற? டியூட்டி முடிஞ்சு வந்த காலு வலிக்காதா? உள்ள வா, ஒரு வாய் சாப்பிட்டுப் படு."

"அந்தக் காலத்து ராஜ்ஜியத்துல ஏதுடா டியூட்டி?" ஆடிட்டர் அக்கா சிரித்தார்.

தம்பி சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்று வருடத்துக்கு முன், காய்ச்சல் வார்டிலிருந்து அவள் வீடு திரும்பிய ஒரு காலையில், அம்மா இதே வார்த்தைகளைத்தான் சொன்னாள். அவள் உள்ளே போனாள். சாப்பிட்டாள். அம்மாவின் மடியில் தலை வைத்துத் தூங்கினாள்.

அந்தக் காய்ச்சலில் அம்மா போனாள். மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவள் பகடையைத் தொடவில்லை.

"வேணாம்மா" என்றாள் மெதுவாக. "தட்டை வாசல்லயே வச்சிட்டு, நீ உள்ள போயிடு."