மார்ச் மாதத்துக் கேபிள்

"அண்ணா, எங்க வீட்டுக் கேபிளைத் திரும்பக் குடுத்துடுங்கண்ணா" என்று கடை வாசலில் நின்று கெஞ்சினாள் ஹேமாவதி.

கேபிள்காரர் தயாளனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மார்ச் பிறந்தால் போதும், பரீட்சை எழுதும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இணைப்பைத் துண்டிப்பதே ஸ்ரீராம்புரத்தில் அவருக்கு முழுநேர வேலை.

"போன வாரம்தானே உங்கப்பா வந்து, 'பொண்ணுக்கு செகண்ட் பி.யு.சி., பன்னெண்டாங்கிளாஸ் பரீட்சை, கட் பண்ணிடு'ன்னாரு? அதுக்குள்ள உனக்கு சீரியல் கேக்குதா?"

"நான் சீரியலே பாக்கறதில்லண்ணா."

"பின்ன, கிரிக்கெட்டா?"

"சத்தியமா நான் டிவி பக்கமே போகமாட்டேண்ணா."

"அப்புறம் எதுக்கும்மா கேபிள்? உனக்காக அப்பா, அம்மா ரெண்டு பேரும் டிவியையே விட்டுக் குடுத்திருக்காங்க. நீ என்னடான்னா..."

ஹேமாவதி அழாக்குறையாகச் சொன்னாள்.

"கேபிள் இருந்தவரைக்கும் சாயந்திரம் ஆனா அவங்க சீரியல் பாப்பாங்க. நான் சமையக்கட்டுல நிம்மதியா படிப்பேன். இப்ப ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டு எதிர்ல உக்காந்துக்கிட்டு, ராத்திரி பத்து மணி வரைக்கும் என்னையே பாத்துக்கிட்டிருக்காங்கண்ணா!"