மைனஸ் கம்பி

“ஒரே ஒரு கம்பி சாரே. அதக் கழத்தி வச்சிட்டா, மழை முடியது வரைக்கும் பேட்டரிய நீங்க நினைச்சே பாக்காண்டாம்.”

பகவதிப்பெருமாள் இதைச் சொல்வது முதல் தடவையல்ல. அழகியநம்பி எப்போதும்போலத் தலையை ஆட்டினார். ஆட்டுவாரே தவிர, கேட்கமாட்டார்.

விழிஞ்ஞம் போகிற சாலையில் பகவதிப்பெருமாளுக்கு ஒரு பேட்டரிக் கடை. கடைக்குப் பின்னால் தென்னந்தோப்பு. அதில் தகரக் கூரை போட்டு, வீட்டில் இடமில்லாதவர்களின் வண்டிகளை நிறுத்திப் பார்த்துக்கொள்வான். இந்த மழைக்கு வந்து நின்றதில் பெரியது அழகியநம்பியின் கேரவன்தான். பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், ஃபேன் என்று குட்டி வீடாகவே மாற்றியிருந்தார். கரமனையில் அவருடைய தெருவுக்குள் அது திரும்பாது.

நிற்கிற வண்டி ஒன்றும் தின்னாது என்று நினைப்பது மடத்தனம். கடிகாரம் கொஞ்சம், விளக்கு கொஞ்சம் என்று உள்ளே இருக்கிறதெல்லாம் உறிஞ்சி, ஒருநாள் பேட்டரி செத்துக் கிடக்கும். போன வருஷம் ஒருவருக்கு அப்படித்தான் ஆயிற்று. அந்த மனிதர் தன் தப்பை விட்டுவிட்டு, ஊரெல்லாம் பகவதிப்பெருமாள் பெயரை நாறடித்தார். இன்னொரு தடவை அந்தப் பேச்சைக் கேட்க அவனால் முடியாது.

அழகியநம்பியோ ரிட்டயர் ஆன அக்கவுண்டன்ட். கணக்குத் தெரிந்த மனிதர் செய்கிற காரியமா இது? கம்பியைக் கழற்ற விடாமல், ஒன்றுவிட்டு ஒருநாள் பஸ் ஏறி வருவார். இன்ஜினை ஓடவிட்டுச் சார்ஜ் ஏற்றுவார். கூடவே மதியச் சோறும் கட்டிக்கொண்டு வந்து, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார். கடையிலிருந்து ஒரு வயர் இழுத்துத் தர முடியுமா என்றுகூட ஒருமுறை கேட்டார். மழையில் ஷாக் அடித்தால் யார் பதில் சொல்வது என்று பகவதிப்பெருமாள் மறுத்துவிட்டான்.

“வீட்டுல அக்கா விரட்டி விடுதாங்களா சாரே? இங்க வந்து உக்காந்து தின்னாத்தான் இறங்குதோ?” என்று ஒருநாள் சீண்டிப் பார்த்தான்.

“இந்த வண்டிய வாங்கச் சொன்னதே என் வீட்டுக்காரி வடிவுதான், கேட்டியா,” என்றார் அழகியநம்பி. அதோடு சரி. வாய் கொடுத்து வம்பு வாங்குகிற ஆள் இல்லை அவர்.

ஆடியில் கர்க்கடக மழை பிடித்துக்கொண்டதும் அவருடைய வரவு நின்றது. போன் போட்டால் அணைந்து கிடந்தது. பகவதிப்பெருமாள் தோப்புக்குப் போய்ப் பார்த்தான். பூட்டிய வண்டிக்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தான். நாளை விடியும்வரை தாங்காது. வண்டிச் சாவி அவரிடம். ஆனால் பேட்டரிப் பெட்டி வெளிப்பக்கம்தான், பூட்டும் இல்லை. மைனஸ் கம்பியைக் கழற்றினான். முனகல் நின்றது.

அன்றைக்கு அவன் கை சும்மா இருந்திருக்கலாம். அது சும்மா இருக்கிற கையா? பேட்டரியைக் கடைக்குச் சுமந்து வந்து சார்ஜில் போட்டான். உப்புக்காற்றில் பூத்திருந்த முனைகளைச் சுரண்டி வாஸ்லின் தடவினான். பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டான்.

மழை கொஞ்சம் வெறித்த ஒரு மதியம் அழகியநம்பி வந்து இறங்கினார். ஆள் பாதியாகியிருந்தார். காய்ச்சல் முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். மகன் போனைக்கூடக் கையில் கொடுக்கவில்லையாம். அந்த நிலையிலும் கையில் சோற்றுப் பாத்திரம் இருந்தது.

“ஒண்ணும் பேடிக்காண்டாம் சாரே. கம்பிய அப்பமே கழத்தியாச்சு. பேட்டரி புதுசு மாதிரி இருக்கு,” என்றான் பகவதிப்பெருமாள் பெருமையாக.

அவர் நடையும் ஓட்டமுமாகத் தோப்புக்குள் போனார். பேட்டரியைத் தூக்கிக்கொண்டு இவன் போய்ச் சேர்ந்தபோது, அவர் வண்டிக்குள் ஃபிரிட்ஜின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஓர் எவர்சில்வர் சம்படம், மூடி திறந்தபடி. கெட்டுப்போன குழம்பின் வாடை படிவரை வந்தது. பக்கத்தில் அவர் கொண்டுவந்த பாத்திரம். அதில் வெறும் வெள்ளைச் சோறு.

பகவதிப்பெருமாளுக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போன் கிடைக்காவிட்டால் என்ன, கரமனைக்கு ஓர் எட்டுப் போய்க் கேட்டிருக்கலாமே என்று இப்போது தோன்றியது.

“கேக்காம செஞ்சது தப்புதான் சாரே. மனசுல வைக்காதீங்க. அத இங்க தாங்க, கொட்டிக் கழுவித் தாறேன். உள்ளித்தீயல்தானே? அக்காகிட்டச் சொல்லி நாளைக்கே புதுசா வைக்கச் சொன்னாப் போச்சு.”

அழகியநம்பி சம்படத்தைக் கொடுக்கவில்லை. மூடியை மெதுவாக அழுத்தி மூடினார்.

“மழை தொடங்கதுக்கு முன்னமே அவ போயாச்சு பெருமாளு,” என்றார். “தீட்டுன்னு சொல்லி, வீட்டுல அவ ஆக்கி வச்சிருந்ததையெல்லாம் கொட்டிட்டாங்க. பொன்முடி மலைக்குப் போகணும்னு அவ முந்தின நாளே தெருமுனையில நின்ன வண்டியில எடுத்து வச்ச இது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. ஃபிரிட்ஜுல உறைய வச்சு, ஒவ்வொரு ஸ்பூனா பிசைஞ்சு தின்னா, ஓணம் வரைக்கும் வரும்னு நினைச்சிருந்தேன்.”