யானை ஜோக்

மேடையேறி ஜோக் சொல்லிப் பிழைக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய அவமானம் என்ன இருக்கிறது? சொந்த மாமியாரே பாதியில் எழுந்து போய்விடுகிறாள்.

வீட்டில் ஒத்திகை பார்க்க மருமகள் வாயைத் திறந்தாலே மாமியாரின் முகம் கடுகடுவென்று ஆகிவிடும். ஜோக் சூடுபிடிக்கும் நேரத்தில் விறுவிறுவென்று போய் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்வாள். ஆள் பாதியில் எழுந்தால் ஜோக் செத்தது என்பது மருமகளின் தொழில் கணக்கு.

போன வாரம் யானை ஜோக்கை மட்டும் அதிசயமாகக் கடைசிவரை உட்கார்ந்து கேட்டாள். அந்தத் தெம்பில் அதையே நாளைக்குப் பெரிய அரங்கில் முதல் ஜோக்காக வைத்திருந்தாள் மருமகள். ஆனால் நிகழ்ச்சிக்கு வரமாட்டேன் என்று மாமியார் ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

இன்று பல் டாக்டர் ஜோக். வழக்கம்போல மாமியார் பாதியில் ஓட்டம். மருமகளுக்குப் பொறுக்கவில்லை. பின்னாலேயே போய்க் கதவைத் தட்டினாள்.

"அத்தை, என்னைப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க."

கதவு லேசாகத் திறந்தது.

"முதல்ல அலமாரியில இருந்து ஒரு மாத்துத்துணி எடுத்துட்டு வா. அப்புறம் சண்டை போடலாம்."

துணியை வாங்கிக்கொண்டு, கூச்சத்தோடு விஷயத்தை அவிழ்த்தாள் மாமியார். நாலு பிரசவம். சலவைக்கடையில் வருஷக்கணக்காகத் தூக்கிய ஈரமூட்டை. போதாக்குறைக்கு விடாத இருமல். இடுப்புக்கு அடியில் தாங்குகிற தசையெல்லாம் தளர்ந்துபோய், தும்மினாலே நனைந்துவிடுகிறது. சிரித்தால் கேட்கவே வேண்டாம்.

"பல்லைக் கடிச்சுட்டுத்தான் உக்காந்திருக்கேன். நீ எங்க விடறே?"

மருமகளுக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. இதற்கு டாக்டர் இருக்கிறார், தசைக்குப் பயிற்சியும் இருக்கிறது, நிகழ்ச்சி முடிந்த கையோடு போகலாம் என்றாள். மாமியாரும் தலையாட்டினாள்.

சட்டென்று மருமகளின் முகம் மாறியது.

"அப்போ அந்த யானை ஜோக், அத்தை?"

மாமியார் அவள் கையைப் பரிவோடு பிடித்துக்கொண்டாள்.

"அதை மட்டும் தூக்கிடும்மா. ஒரு சொட்டுகூட வரலை."