சனூஸா மூடிய தளம்

“ஆர் இதை மூடினது?”

பாக்கியரத்தினம் மேடையிலிருந்து மண்டபத்தைப் பார்த்துக் கேட்டார். திரையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ‘இத்தளம் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது.’

மூலையில் மடிக்கணினியோடு இருந்த சனூஸா எழும்பினாள்.

“நான்தான் சேர்.”

பிரதம அதிதி பொத்தானை அழுத்தப் போன கையை மெல்ல இறக்கிக்கொண்டார்.

அன்றைக்குத் தொடக்க விழா. மூதூர்ப் பெண்கள் சங்கம், சம்பூர் விவசாயிகள் சங்கம், இலங்கைத்துறை மீனவர் சங்கம், திருகோணமலை நகர வாசகர் வட்டம், நாலும் சேர்ந்து தங்களுக்கென்று ஓர் இணையத்தள மென்பொருளைச் செய்திருந்தார்கள். சம்பளம் இல்லை. ஆளுக்கொரு பகுதியாக எழுதினார்கள். நாளைக்கு வேறெந்த ஊர்ச் சங்கம் கேட்டாலும் சும்மா எடுத்துப் பாவிக்கலாம், வேண்டியபடி மாற்றலாம். வாசகர் வட்டத் தலைவர் பாக்கியரத்தினம் விழாவுக்குப் பொறுப்பு. எழுதுகிறவர்களை ஒன்று சேர்த்து வேலை வாங்கியவள் தயாளினி. சனூஸா மூதூர்ப் பெண்கள் சங்கத்திலிருந்து வந்து எழுதியவள்.

“ஏன் மூடினனீங்கள் சனூஸா?” தயாளினி கேட்டாள்.

“ஒரு பிழை இரிக்கி அக்கா. இப்ப திறக்க ஏலாது.”

“ஆற்ற பிழை?”

சனூஸா கொஞ்சம் யோசித்தாள்.

“என்ட பிழைதான்.”

தயாளினிக்கு முகம் சுட்டது. முன் வரிசையில் அவளுடைய மாமியார் இருந்தார். ‘என்ர வேலையை ஒருக்கா வந்து பாருங்கோ மாமி’ என்று கெஞ்சிக் கூட்டிவந்திருந்தாள். இதுக்கோ வீட்டு வேலையை விட்டுப்போட்டுக் கணினியோட குந்திக்கொண்டிருந்தனீ என்று அவர் வாய் திறந்து கேட்கவில்லை. பார்வை கேட்டது.

“பிழையெண்டால் முதலே பாத்திருக்க வேணும். இவ்வளவு பேர் வந்திருக்கேக்க, சொல்லாமல் கொள்ளாமல் மூடுறதே?”

“மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா.”

“ஒராள் கவனமில்லாமல் நடந்தால் எல்லாருக்கும்தான் வெக்கம்.”

சனூஸா திரும்பவும் மடிக்கணினிக்கு முன்னால் குந்தித் தட்டத் தொடங்கினாள்.

பிரதம அதிதி தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். அவருடைய வாகனம் வாசலைத் தாண்டியதும் பாக்கியரத்தினம் சொன்னார்:

“இனி இந்தப் பிள்ளை மென்பொருளில கை வைக்கக் கூடாது. என்ன சொல்லுறீங்கள் தயாளினி?”

“ஓம் சேர். அதுதான் நல்லது.”

சனூஸாவுக்கு அது கேட்டது. மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

தளத்தை மூடும்போது சனூஸா மாற்றிய கடவுச்சொல் அவளிடம்தான் இருக்கிறது என்பது பிறகுதான் தயாளினிக்கு நினைவு வந்தது. பின்னாலேயே ஓடினாள். சனூஸா மூதூர் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

“கடவுச்சொல்லைத் தந்திட்டுப் போங்கோ.”

“தாறன் அக்கா. ஆனா இதப் பாத்துட்டுத் திறங்க.”

சனூஸா மடிக்கணினியை மதிலில் வைத்துத் திறந்தாள். அதில் தளத்தின் பிரதி ஒன்று இருந்தது. தேடுகிற பெட்டியில் ஒரேயொரு எழுத்தை அடித்தாள்.

நாலு சங்கத்து உறுப்பினர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், வீட்டு விலாசம் எல்லாம் வரிசையாக வந்து விழுந்தன.

“உறுப்பினர் இல்லாத ஆள் தேடினாலும் இப்படித்தான் வருது. விழா நடக்கக்குள்ளதான் கண்ட நான்.”

தயாளினியின் கண் ஒரு பெயரில் நின்றது.

“இந்த ஷாமிலா...”

“ஓம் அக்கா. புருஷன்ட அடி தாங்க ஏலாம புள்ளயோட வந்தவ. அவர் இன்னும் தேடித் திரியிறார். அவ இரிக்கிற இடம் எங்கட சங்கத்துக்கு மட்டும்தான் தெரியும்.”

“அப்ப, அந்தப் பொத்தானை அழுத்தியிருந்தால்...”

“அதான் மூடின.”

தயாளினி திரையையே பார்த்தபடி நின்றாள். கடற்காற்றில் சீலைத் தலைப்பு பறந்ததைக்கூடப் பிடிக்கவில்லை.

“உள்ளுக்க ஏன் இதைச் சொல்லேல்லை, சனூஸா?”

“பஸ் வருது அக்கா. பிழயத் திருத்தி உங்களுக்கு அனுப்பியிரிக்கன். கடவுச்சொல்லும் அதோடயே இரிக்கி. பாத்துச் சேத்துட்டுத் திறங்க.”

பஸ் நின்றது. சனூஸா ஏறிப் போய்விட்டாள்.

தயாளினி திரும்பி வந்தபோது மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாக்கியரத்தினம் மாமியாரோடு கதைத்துக்கொண்டு நின்றார்.

“கடவுச்சொல் கிடைச்சுதோ?”

“கிடைச்சது சேர்.” தயாளினி நடந்ததைச் சொன்னாள். தேடுகிற பெட்டியைச் சொன்னாள். ஷாமிலாவின் பெயரைச் சொல்லாமல், மூதூரில் ஒளித்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியும் சொன்னாள்.

பாக்கியரத்தினம் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

“கடவுளே. நல்ல காலம் மூடினது.” பிறகு, தான் சொன்னதையும் விட மனமில்லாமல், “எண்டாலும் தயாளினி, பிழையை விட்டதும் அந்தப் பிள்ளைதானே? தன்ர வாயாலேயே ஒத்துக்கொண்டதே” என்றார்.

“அது பொய் சேர்.”

“பொய்யோ?”

தயாளினி மாமியாரின் பக்கம் திரும்பினாள்.

“அந்தத் தேடுற பகுதியை எழுதினது நான், மாமி. உங்களுக்கு முன்னால என்ர பேரைச் சொல்ல அவவுக்கு மனம் வரேல்லை.”