பதப்படுத்தும் வேலை

அப்பாவின் உடல் மூன்று நாள் கெடாமல் இருக்க வேண்டும். பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து அண்ணனின் துக்கத்தைப் பார்க்க வேண்டாமா? அதற்காகத்தான் அண்ணன் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் தன் மாமனாரோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, அப்பா என்கிட்ட ஒண்ணு கேட்டிருந்தார்..." என்றாள் தங்கை.

"சும்மா இரும்மா. பெரியவங்க பேசுறோம்ல?"

"தங்கச்சிக்கு எங்க வேலைன்னு சொன்னீங்க, மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"பதப்படுத்துற கம்பெனியில, மாமா. ஜாம், ஜூஸ்..." பத்து வருடமாகச் சொல்லிப் பழகிய பதில்.

குமாஸ்தா படிவத்தை நீட்டினார். "மூத்த மகன் கையெழுத்து இல்லாம உடம்பைப் பதப்படுத்த முடியாது சார். யார் செய்யணும்?"

"இருக்கறதுலயே கெட்டிக்காரங்க யாரோ, அவங்க!" அதையே எழுதி, தன் பட்டங்கள் அத்தனையோடும் கையெழுத்திட்டார் அண்ணன்.

குமாஸ்தா தங்கையைப் பார்த்து எழுந்து நின்றார். "மேடம், அனுமதி கிடைச்சாச்சு. கையுறை எடுத்து வைக்கட்டுமா?"

மாமனார் வாயைப் பிளந்தார். "அப்ப ஜாம்?"

"அண்ணன் பொய் சொல்லல, மாமா. பதப்படுத்துற வேலைதான்." தங்கை முந்தானையை இழுத்துச் செருகினாள். "'வேற யாரும் தொட வேண்டாம், நீயே பண்ணு'ன்னு கேட்டிருந்தார் அப்பா. வழி விடுங்கண்ணா."

பெரிய மனிதரான அண்ணன் நாற்காலியோடு நகர்ந்தார்.