ஓரினின் சந்தேகங்கள்

"டீச்சர், ஒரு சந்தேகம்."

ஓரின் கை தூக்கியதுமே பட்டறையில் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள்.

"ஆரம்பிச்சுட்டான்யா," என்றார் க்ளெட்டஸ். முப்பது வருடம் நிலக்கரி லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். "ஏன் தம்பி, நீ கத்துக்க வந்தியா, டீச்சரைப் பேட்டி எடுக்க வந்தியா?"

ஓரின் அசரவில்லை. "அரத்தால ராவினதுல ஸ்பிரிங் மேல குறுக்கால கீறல் விழுந்திருக்கு டீச்சர். இதோடயே உலையில வைக்கலாமா?"

டீச்சர் ரோவீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

உலையில் கரி செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருந்தது. எட்டு மாணவர்களும் இடுக்கியும் கையுமாக வரிசையில் நின்றார்கள். உலைக்குப் போகுமுன் அந்தக் கீறல்களைத் தேய்த்து எடுக்க வேண்டும் என்று சொல்லவே அவள் மறந்துபோயிருந்தாள்.

"வைக்கக் கூடாது. எல்லாரும் மேஜைக்குத் திரும்பி வாங்க," என்றாள். "குறுக்குக் கீறல் ஒண்ணு இருந்தாக்கூட, பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்கினதும் அந்த இடத்துலயே முறிஞ்சிடும். உப்புத்தாள் எடுங்க. நீளவாக்குல தேயுங்க. முகம் தெரியணும்."

"எம் முகம் தெரிஞ்சா அதுவே பயந்து முறிஞ்சிடும்," என்று முனகிக்கொண்டே க்ளெட்டஸ் உட்கார்ந்தார்.

கென்டக்கி மலைப்பக்கம், முன்பு புகையிலை உலர்த்திய ஒரு கொட்டகையில் நடந்த ஒரு வார வகுப்பு அது. குழல் வாய்வழியே மருந்தைக் கெட்டித்து, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடுகிற பழங்காலத் துப்பாக்கி இருக்கிறதே, அதன் சுடுவிசையை, உள்ளிருக்கும் ஸ்பிரிங் உட்பட, அவரவர் கையாலேயே செய்து பழக வேண்டும்.

ரோவீனா டிராக்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்பவள். சுடுவிசை செய்வதில் அவள் கைக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர். ஆனால் நாலு பேர் முன்னால் நின்று பேசியதே இல்லை. இந்த முதல் வகுப்பு நன்றாக அமைந்தால்தான் அடுத்த ஆண்டும் கூப்பிடுவார்கள்.

முதல் நாளான திங்கட்கிழமை காலை, வணக்கம் சொன்னதோடு அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எழுதி வந்த தாளைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

அப்போதுதான் முன்வரிசையில் அந்தக் கை முதல் முறையாக உயர்ந்தது.

"டீச்சர், கல்லு இரும்புல உரசினா பொறி வருதே, அதுல எரியுறது கல்லா, இரும்பா?"

சின்னப் பிள்ளை கேட்கிற கேள்வி. "இரும்புதான்," என்று வாயைத் திறந்தவள், மதியம் சோள ரொட்டியும் பீன்ஸும் வரும்வரை மூடவில்லை.

அன்றிலிருந்து விடாமல் கேட்டான். எந்த எண்ணெய்? எவ்வளவு சிவக்க வேண்டும்? திருகாணிக்கு முதலில் துளையா, மரையா? இத்தனைக்கும் அவனுக்குக் கை சுத்தம். ராவுகிற இடத்தில் ஒரு மயிரிழை பிசகாது. வாயைத் திறந்தால்தான் மண்டு.

புதன்கிழமை அவன் மறுபடியும் ஒன்று கேட்டதும் அவளுக்கே பொறுமை போய்விட்டது.

"அதைத்தான் ஓரின் நானே சொல்ல வந்தேன்," என்றாள் வெடுக்கென்று.

உண்மையில் சொல்ல வரவில்லை. அது அவளுக்கு மட்டும் தெரியும்.

"சரிங்க டீச்சர்," என்று தலையைக் குனிந்துகொண்டான்.

வியாழக்கிழமை அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். வெள்ளிக்கிழமை ஒன்றுமே இல்லை. அவள் தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். மேஜை மேஜையாகப் போய், க்ளெட்டஸை அதட்டி, கேலி செய்து, கையைப் பிடித்துக் காட்டி, தானே ஆச்சரியப்படும்படி பேசிக்கொண்டிருந்தாள்.

மாலையில் எட்டுப் பேரும் விசையை மேலே இழுத்து விட்டார்கள். எட்டிலும் பொறி பறந்தது. ஒரு ஸ்பிரிங்கூட முறியவில்லை.

"என்னால ஆகாதுன்னு எம்பொண்டாட்டி பந்தயம் கட்டியிருக்கா," என்றார் க்ளெட்டஸ், விசையை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தபடி. "இந்த வருஷம் மான் கறி முழுக்க அவதான் சமைக்கணும்."

இந்த வகுப்பை நடத்தும் கைத்தொழில் பள்ளியின் இயக்குநர் வில்மா, தன் அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக வாரம் முழுக்க ஊரில் இல்லை. சான்றிதழ்களில் கையெழுத்துப் போட அன்று மாலைதான் வந்து சேர்ந்தார்.

"அடுத்த வருஷமும் நீதாம்மா," என்றார் நாற்காலியில் உட்கார்ந்ததும். "வாசல்லயே க்ளெட்டஸ் பிடிச்சுக்கிட்டார். உன் புராணம்தான் பத்து நிமிஷம்."

ரோவீனாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டாள்.

"மேடம், ஒரு உதவி செய்யணும். ஓரின்னு ஒருத்தர் வந்திருக்கார். தங்கமான மனுஷர். நான் ஒரு தடவை மூஞ்சில அடிச்ச மாதிரி பேசிட்டேன், அதுக்கும் கோவிச்சுக்கல. ஆனா பாவம், அடிப்படையே தெரியல. அடுத்த வருஷம் அவருக்கு முதல்ல ஆரம்ப வகுப்புல ஒரு இடம் போட்டுக் குடுங்க."

வில்மாவின் பேனா நின்றது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வெளியே ஓரின், க்ளெட்டஸின் கனத்த மரப்பெட்டியை வண்டியில் ஏற்ற ஒரு கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்த வகுப்பை எடுக்க ரெண்டே ரெண்டு பேர்தான் விண்ணப்பம் போட்டிருந்தீங்க ரோவீனா," என்றார் வில்மா மெதுவாக. "தேர்வுக் குழுவுல உன்கிட்ட ஒரே ஒரு ஓட்டுல தோத்துப்போனவன் அவன்தான்."