ஏழு மாரி

நாவற்குடாவில், வாவியைப் பார்த்த ஜன்னலருகே இருந்துதான் தர்சினி வரைவாள். மாரியில் தண்ணீர் கரைமுட்ட நிற்கும் நாளில், வருடத்துக்கு ஒரு நீர்வர்ணப் படம். முன்னால் தோணி கட்டும் கட்டை, அதற்கப்பால் வெறும் தண்ணீர். கணவன் யோகராசா தோணியோடு காணாமல்போன மாரியில் தொடங்கிய பழக்கம் அது. இப்போது சுவரில் ஏழு படங்கள்.

மார்கழியில் ஒரு பின்னேரம் பக்கத்து வீட்டு மீனவர் தேவதாசன் வந்தார்.

“முகத்துவாரத்து மணல வெட்டிட்டாங்க மச்சாள். தண்ணியெல்லாம் கடலுக்கு ஓடுது.”

“படத்திலயும் வத்துது,” என்றாள் தர்சினி.

அவர் கிட்டப்போய்ப் பார்த்தார். ஏழு படங்களிலும் தண்ணீர் இரண்டு விரலளவு இறங்கிச் சேறு தெரிந்தது. முதல் படத்தின் சேற்றில் ஒரு தோணி கிடந்தது.

“இதையும் நீங்கதானே கீறினீங்க?”

“நான் தோணி கீறுறதில்ல.”



மறுகிழமை மழை பிடித்தது. வாவி நிறைந்தது, படங்களும் நிறைந்தன. தோணி மூழ்கவில்லை, மிதந்தது. மறுநாள் அது இரண்டாவது படத்தில் இருந்தது. அதற்கடுத்த நாள் மூன்றாவதில். தர்சினி பலகையில் புதுத் தாள் ஒட்டினாள்; தூரிகையை நனைக்கவில்லை. காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு சுவருக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

ஏழாவது நாள், ஏழாவது படத்தில், தோணி கட்டையில் கட்டியிருந்தது. கயிற்றில் யோகராசா போடும் இரட்டை முடிச்சு. தோணிக்குள் யாரும் இல்லை.